முன்னால் இருப்பவரின் முதுகு

கோவையில் எங்கள் கணபதிப் பகுதியில் துடுப்பு என்றால் களி கிண்டுகிற துடுப்பு. அம்மா காலத்தில் அது அடுப்படி மூலையில் சாய்ந்து நிற்கும். அடிப்பக்கம் அகன்று, கை பட்டுப் பட்டு மினுங்கிப்போன மரம். ராகி மாவு இறுகி வருகிற நேரத்தில் பானை நகராமல் பிடிக்க ஓர் ஆள், கிண்ட ஓர் ஆள். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். கிண்டுகிற கை எந்தப் பக்கம் தள்ளப் போகிறது என்பது பிடிக்கிற கைக்கு முன்பே தெரிந்துவிடும். துடுப்போடு எனக்கிருந்த பழக்கம் நெடுநாள் வரை இவ்வளவுதான்.

தண்ணீரோடு இன்னும் குறைவு. சின்னவேடம்பட்டி ஏரி என் நினைவில் பெரும்பாலும் காய்ந்தே கிடந்தது. சங்கனூர்ப் பள்ளத்தில் ஓடுவதைத் தண்ணீர் என்று சொல்ல வாய் வராது. சத்தி ரோட்டில் டெக்ஸ்டூல் நிறுத்தத்தில் இறங்கி எந்தச் சந்தில் நுழைந்தாலும் லேத் ஓடும், ஃபவுண்டரி புகையும், பம்பு தயாராகும். ஊர் உலகத்துக்கெல்லாம் தண்ணீர் இறைக்கப் பம்பு செய்து அனுப்புகிற இடத்தில் ஒரு காகிதக் கப்பல் விட வாய்க்கால் கிடையாது.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் சில மாதங்களாகப் படகுப் போட்டிப் பித்துப் பிடித்து அலைகிறேன். அதிலும் கல்லூரிக் காலத்தில் ஒரே படகில் துடுப்பு வலித்தவர்கள் தலை நரைத்த பிறகு அதே ஆட்களாகக் கூடி மறுபடி வலிக்கிற கதைகள் என்றால் சாப்பாடு ஆறினாலும் தெரிவதில்லை.

இதற்குக் காரணம் ஓர் ஓசை. சென்னைக்குப் போயிருந்தபோது விடிந்தும் விடியாத நேரத்தில் கோட்டூர்புரம் பாலத்தின் மேல் நின்றிருந்தேன். கீழே அடையாறு. அந்த ஆற்றின் மணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். 1867-ல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப்பின் படகுகள் அங்கேதான் பயிற்சிக்கு இறங்கும். முதலில் இளைஞர்கள் நால்வர் வலித்துக்கொண்டு போனார்கள். நல்ல வேகம், நல்ல தோள். சற்றுப் பின்னால் இன்னொரு படகு வந்தது. அதிலும் நால்வர். மூவருக்கு முழு நரை, ஒருவருக்கு நரைப்பதற்கும் முடி இல்லை. வேகம் பாதிகூட இல்லை. ஆனால் காது அந்தப் படகின் பின்னாலேயே போயிற்று.

துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்ததும் அதன் அலகைக் கிடையாகத் திருப்புவார்கள், காற்று பிடிக்காமல் இருக்க. அப்போது துடுப்பு தன் வளையத்தில் ஒரு தட்டுத் தட்டும். இளைஞர்கள் படகில் அது சில்லறை கொட்டியதுபோலக் கேட்டது. நாலு துடுப்பு, நாலு தட்டு. நரைத்தவர்கள் படகில் ஒரே தட்டு. டக். பிறகு நீண்ட மௌனம், அடியில் தண்ணீர் சலசலத்து ஓடுகிற சத்தம் மட்டும். மறுபடி டக். மெஷின் சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டது என்று சொல்லும் ஊர்க்காரன் நான். அந்த டக்கில் தேய்மானமே இல்லை. முட்டி தேய்ந்திருக்கலாம், மூச்சு தேய்ந்திருக்கலாம். சேர்ந்து வலித்த பழக்கம் மட்டும் தேயவில்லை.

அதே கிளப்புக்கும் கொழும்பு ரோயிங் கிளப்புக்கும் நடக்கிற போட்டி 1898-ல் தொடங்கியது. ஆண்களுக்கு அடையாறு கோப்பை, பெண்களுக்கு தீபம் கோப்பை. இப்படி ஒரு வழக்கம் நம் ஆற்றில் இத்தனை காலமாக ஓடிக்கொண்டிருப்பது கொங்கு நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? நமக்குத் தெரிந்த படகு பரிசல். சிறுமுகைக்கு அப்பால் லிங்காபுரத்தில் பவானிசாகர் தண்ணீர் ஏறிவிட்டால் காந்தவயலுக்குப் போக அதுதான் கதியாக இருந்தது. பரிசலுக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. வலிப்பவர் போகிற திசையைப் பார்த்தபடி தண்ணீரைத் தன் பக்கம் அள்ளி இழுப்பார். பந்தயப் படகில் எல்லாம் தலைகீழ். போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் வலிக்க வேண்டும்.

இதை ஒரு நாள் எங்கள் வீதியில் பேட்டர்ன் வேலை பார்த்து ஓய்ந்த அண்ணன் ஒருவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். ஃபவுண்டரியில் இரும்பு வார்ப்பதற்கு முன் மரத்தில் அச்சு செய்வது பேட்டர்ன் வேலை. கை சுத்தமான ஆள். தரையில் சாக்கட்டியால் நீளமாக ஒரு படகு வரைந்து, எட்டுப் பேரையும் கடைசியில் சுக்கான் பிடிப்பவரையும் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

“அப்ப இவுங்க ஒருத்தரு மொகத்த ஒருத்தரு பாக்கவே மாட்டாங்களாங்க?”

நான் அதுவரை அதை யோசித்ததில்லை. பிறகு வேறெதையும் யோசிக்க முடியவில்லை.

எட்டுப் பேர் படகில் இருக்கைகளுக்கு எண் உண்டு. நம் கடற்கரைக்காரர்கள் படகின் முன்முனையை அணியம் என்பார்கள், பின்பகுதியை அமரம் என்பார்கள். அணியத்தில் இருப்பவர் ஒன்று. அமரத்தை ஒட்டி இருப்பவர் எட்டு. எல்லோரும் அமரத்தைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார்கள். எட்டாமவர் கண்ணெதிரே சுக்கான்காரரின் முகம். மற்ற ஏழு பேருக்கும் முன்னால் இருப்பது ஒரு முதுகு. ஏழாமவருக்கு எட்டாமவரின் முதுகு, ஆறாமவருக்கு ஏழாமவரின் முதுகு. மூன்று வருடம், நான்கு வருடம், தினம் காலையிலும் மாலையிலும் பார்த்தது ஒரே பிடரி. எந்தத் தோள் முதலில் தாழும், மூச்சு வாங்கும்போது எந்த எலும்பு எழும், களைத்தால் தலை எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் மனப்பாடம். கட்டிய மனைவி அறியாத முதுகை அந்தப் பின்னிருக்கைக்காரர் அறிவார்.

ஐம்பது ஆண்டு கழித்து அவர்கள் மறுபடி படகில் ஏறும்போது திரும்பி வருவது அந்த முதுகு. கரையில் நின்று கை குலுக்கும்போது முகத்தைப் பார்த்து, அடடா இவ்வளவு மாறிவிட்டானே என்று தோன்றும். படகில் உட்கார்ந்து முன்னால் பார்த்தால் பிடரியில் சுருக்கம் விழுந்திருக்கும், தலை வெளுத்திருக்கும். ஆனால் வலது தோள் அதே இடத்தில், அதே அரை விரற்கடை, முந்தித் தாழும்.

இந்த வகையில் கேட்டவற்றில் என்னை அசத்தியது ஹார்வர்ட் கதை. இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றங்கரையில் ஹென்லி என்றொரு ஊர். அங்கே 1839 முதல் படகுத் திருவிழா நடக்கிறது. அதன் தலையாய பரிசு கிராண்ட் சேலஞ்ச் கோப்பை. தூரம் ஒரு மைல் 550 கெஜம். ஒரு நேரத்தில் இரண்டே படகுகள். தோற்றவர் வெளியே, வென்றவர் அடுத்த சுற்றுக்கு. 1914 ஜூலையில் அந்தக் கோப்பையை முதன்முதலாக ஓர் அமெரிக்க அணி வென்றது. அது ஹார்வர்டின் முதல் அணிகூட அல்ல, இரண்டாம் அணி. இறுதிச் சுற்றில் எதிரே நின்றதும் அமெரிக்கப் படகுதான், பாஸ்டன் நகரத்து யூனியன் கிளப். சரயேவோவில் துப்பாக்கி வெடித்து ஒரு வாரமே ஆகியிருந்தது. அடுத்த மாதம் ஐரோப்பாவே போரில் இறங்கிவிட்டது. அடுத்த ஆண்டு ஹென்லியில் போட்டி இல்லை.

வென்ற அணியின் தலைவர் லெவரெட் சால்டன்ஸ்டால். பின்னால் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநராகி, அமெரிக்க செனட் உறுப்பினரானவர். 1964-ல், சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, அந்த அணி ஹென்லிக்குத் திரும்பி வந்தது. இரண்டு உலகப் போர்களும் ஒரு பெரும் பொருளாதார வீழ்ச்சியும் கடந்து, வலித்த எட்டுப் பேரும் சுக்கான்காரரும், ஒன்பது பேரும் உயிரோடிருந்தார்கள். ஒன்பது பேரும் வந்தார்கள். சால்டன்ஸ்டாலுக்கு எழுபது கடந்திருந்தது, இன்னும் செனட்டில்தான் இருந்தார். ஒன்பது பேரும் படகேறி அதே ஆற்றில் வலித்துக் காட்டினார்கள்.

அவர்கள் கையை வீசிக்கொண்டும் வரவில்லை. தேய்ந்து பழசாகிவிட்ட பழைய கோப்பைக்கு ஓய்வு கொடுத்து, அதற்குப் பதிலாகப் புதுக் கோப்பை ஒன்றைக் கொடுத்தார்கள். ஹென்லியில் இன்றைக்கு வெல்லுகிறவர்கள் தூக்கிப் பிடிப்பது அதைத்தான். நம் பக்கம் கோயிலுக்குப் பழைய மணி விரிசல் விட்டால் புது மணி வாங்கிக் கட்டுவார்கள், பேரன் காலத்திலும் அடிக்கட்டும் என்று. எனக்கு அந்த நினைப்புத்தான் வந்தது.

ஒன்பதுக்கு ஒன்பது என்பது அதிர்ஷ்டம். எல்லாப் படகுக்கும் வாய்க்காது. வாய்க்காத படகைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், எழுபது வயதில் இந்தப் படகுக்குள் இறங்குவது என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். கரையிலிருந்து பார்க்கிறவர்கள் வலிப்பதைத்தான் கவனிப்பார்கள். எனக்கோ இறங்குவதில்தான் நயமெல்லாம் இருப்பதாகப் படுகிறது.

எட்டுப் பேர் படகு அறுபதடி நீளம், இரண்டடி அகலம். ஓலைக்கீற்றை நீட்டிப் போட்டதுபோல இருக்கும். துடுப்புகள் இருபுறமும் தண்ணீரில் படிந்திருக்கும்வரைதான் அது நிமிர்ந்து நிற்கும். துடுப்பை எடுத்தால் கவிழப் பார்க்கும். உள்ளே எங்கு வேண்டுமானாலும் காலை வைக்க முடியாது, அடிப்பலகை மெல்லிசு, பாதம் பொத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடும். மிதிக்கலாம் என்று ஒதுக்கிய சிறு பலகை ஒன்று உண்டு. அதில் ஒரு காலை வைத்து, மறு காலைக் கரையிலிருந்து எடுத்து, ஒரு கையில் துடுப்பை அமுக்கிப் பிடித்து, ஒற்றைக் காலில் தோப்புக்கரணத்துக்கு உட்காருவதுபோல மெதுவாகத் தாழ்ந்து, சக்கரம் வைத்த சின்ன இருக்கையில் அமர வேண்டும். இருபது வயதில் இதைச் சிரித்துப் பேசிக்கொண்டே செய்வார்கள். எழுபதில் எட்டுப் பேரும் இதைச் செய்யும்போது கரையே மூச்சை அடக்கிக்கொள்ளும். முட்டி மடங்குகிற சத்தம்கூட எண்ணிக்கையில் சேரும்.

அமர்ந்த பிறகு இன்னொரு நுட்பம். அந்த இருக்கை முன்னும் பின்னும் உருளும். முட்டியை முழுக்க மடக்கி முன்னால் வந்து, காலால் உந்திப் பின்னால் போவதில்தான் வேகமே. வயதானால் முட்டி முழுக்க மடங்காது. ஒருவருக்கு முக்கால், ஒருவருக்குப் பாதி. அவரவர் இஷ்டத்துக்கு மடக்கினால் துடுப்புகள் மோதிக்கொள்ளும். ஆகவே எட்டுப் பேரும் அந்தப் படகில் யார் முட்டி மோசமோ அவர் அளவுக்குத் தங்கள் வீச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வது இல்லை. முன்னால் இருக்கிற முதுகு எங்கே நிற்கிறது என்று பார்த்து, அங்கே நின்றுகொள்வதுதான்.

இதைக் கேட்டபோது எனக்கு வள்ளி ஒயில் கும்மி ஞாபகம் வந்தது. மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன் ஐயாவுக்கு அந்தக் கலைக்காக 2024-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது வயது 87. கும்மி ஆட்டத்தில் ஐம்பது, நூறு பேர் வரிசையில் நின்று ஆடும்போது பாருங்கள். நடுவில் ஒரு பெரியவர் இருந்தால் வரிசை முழுவதும் தாவலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளும். பார்ப்பவருக்குத் தெரியாது. ஆடுகிற காலுக்குத் தெரியும்.

இந்த வயதுக் கணக்கைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது இன்னொரு ரசமான சங்கதி. மூத்தோருக்கான உலகப் படகுப் போட்டி 1973-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் தொடங்கியது. ஒலிம்பிக்கில் தூரம் 2000 மீட்டர், இங்கே அதில் பாதி, 1000. இருபத்தேழு வயது நிரம்பினால்தான் சேர முடியும். பிறகு 36, 43, 50, 55, 60 என்று படிகள் ஏறிக்கொண்டே போகும். படியை நிர்ணயிப்பது படகில் இருப்பவர்களின் சராசரி வயது. வலிப்பவர்கள் எல்லோருடைய வயதையும் கூட்டி, ஆள் எண்ணிக்கையால் வகுப்பார்கள். சுக்கான்காரர் கணக்கில் இல்லை. ஐம்பத்தைந்து வயதுக்காரர்கள் ஏழு பேர் இருக்கிற படகில் எண்பது வயதுக்காரர் ஒருவரை ஏற்றினால் சராசரி ஏறும். வேறு எந்த விளையாட்டில் கிழவர் ஒருவர் வந்து சேர்ந்தால் அணிக்கு லாபம்? மற்ற இடங்களில் வயதைக் குறைத்துச் சொல்லி உள்ளே நுழைவார்கள். இங்கே ‘எனக்கு எழுபத்தாறு’ என்று நெஞ்சை நிமிர்த்தலாம்.

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பழைய மாணவர்களும் தங்கள் பல்கலைக்கழகங்களின் பெரிய போட்டியையொட்டித் தமக்கென ஒரு மூத்தோர் போட்டி நடத்துகிறார்கள். அதோடு நிறுத்தாமல் நாற்பத்தாறு வயதில் மறுபடி மாணவராகச் சேர்ந்து 2019-ன் பெரிய போட்டியிலேயே கேம்பிரிட்ஜுக்கு வலித்து வென்றார் ஜேம்ஸ் கிராக்னெல், ஒலிம்பிக் தங்கம் இரண்டு வைத்திருப்பவர். கூட வலித்தவர்களில் பலர் அவர் பிள்ளை வயசு. வியக்கலாம். எனக்கென்னவோ அதில் அவ்வளவு சுவை இல்லை. முன்னால் இருந்தது பழைய முதுகு அல்லவே.

சரி, வாய்க்காத படகு.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்து எட்டுப் பேரை இன்றைக்கு உலகம் அறியும். டேனியல் ஜேம்ஸ் பிரவுன் 2013-ல் எழுதிய புத்தகம் அவர்களைப் பிரபலமாக்கியது, பிறகு படமாகவும் வந்தது. 1936 ஆகஸ்ட் 14, பெர்லின் ஒலிம்பிக், ஊருக்கு வெளியே கிரூனாவ் என்ற இடத்தில் ஏரிப் போட்டி. ஹிட்லர் மேடையில் இருந்தான். அமெரிக்கப் படகுக்குக் கிடைத்தது காற்று நேராக அறைகிற கடைசித் தடம். எட்டாம் இருக்கையில் இருந்து தாளம் பிடிக்க வேண்டிய டான் ஹ்யூமுக்கு உடம்பு சரியில்லை. புறப்படச் சொன்ன குரல் காற்றோடு போய்விட்டது, தாமதமாகக் கிளம்பினார்கள். அவர்கள் முடித்த நேரம் 6 நிமிடம் 25.4 விநாடி. இத்தாலி 6:26.0. ஜெர்மனி 6:26.4. மூன்று படகும் ஒரு விநாடிக்குள். ஜெர்மன் இயக்குநர் ரீஃபன்ஸ்டாலின் ‘ஒலிம்பியா’ படத்தில் இந்தப் போட்டி இருக்கிறது.

வென்ற அந்த அமெரிக்கப் படகின் பெயர் ஹஸ்கி கிளிப்பர். செய்தவர் ஜார்ஜ் போகாக், இங்கிலாந்தில் பிறந்து சியாட்டிலில் பட்டறை போட்டவர். அவர் பயன்படுத்தியது அந்தப் பக்கத்துச் செந்நிற சீடர் மரம். படகின் தோல் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் சீவிய பலகை. ஆவியில் வைத்து வளைத்து, உலர்ந்த நிலையில் சட்டத்தோடு இறுக்கிப் பூட்டிவிடுவார். நாளாவட்டத்தில் ஈரம் பட்டதும் மரம் நீளவாட்டில் மயிரளவு விரியப் பார்க்கும். சட்டம் விடாது. அந்த இழுபறி மரத்துக்குள்ளேயே தங்கி, படகுக்கு ஒரு துள்ளல் வரும். வலித்து முடித்த பிறகும் தானாக முன்னால் போகத் துடிக்கிற துள்ளல்.

இதை அண்ணனிடம் சொன்னேன். உருக்கிய இரும்பு ஆறும்போது சுருங்கும், வார்ப்பிரும்பு நூற்றுக்கு ஒன்று என்கிற கணக்கில். அதனால் பேட்டர்ன் வேலைக்காரர்கள் அச்சை அந்த அளவு பெரிதாகச் செய்வார்கள். அதற்கென்றே கோடுகளைத் தள்ளிப்போட்ட தனி ஸ்கேல் உண்டு. அண்ணன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“நாங்க சுருங்கும்னு தெரிஞ்சு பெருசாச் செய்யறோங்க. அந்த மனுசன் விரியும்னு தெரிஞ்சு இறுக்கிப் பூட்டியிருக்காரு. ரெண்டும் ஒரே வேலதானுங்க. மரத்து மேல மரியாதி.”

போகாக்கின் வேலையை இதைவிட நன்றாகப் பாராட்டிய ஒருவரை நான் படித்ததில்லை.

அந்த ஒன்பது பேரும் ஊர் திரும்பிப் பிழைப்பைப் பார்த்தார்கள். சுக்கான் பிடித்த பாப் மோக் வழக்கறிஞரானார். இரண்டாம் இருக்கை சக் டே மருத்துவரானார். ஏழாம் இருக்கை ஜோ ரான்ட்ஸ், சிறுவயதிலேயே வீட்டாரால் கைவிடப்பட்டுத் தனியே பிழைத்து வளர்ந்தவர், போயிங்கில் பொறியாளராக ஓய்வு பெற்றார். ஆனால் கூடுவதை விடவில்லை. ஆண்டுதோறும் எங்காவது சந்தித்துக்கொண்டார்கள். பத்தாண்டுக்கு ஒரு முறை படகில் ஏறி வலித்தார்கள். 1956-ல் எடுத்த புகைப்படம் உண்டு. நடுவயது, லேசாகத் தொப்பை. 1986-ல், பெர்லினுக்கு ஐம்பதாண்டு நிறைந்தபோது, எழுபதை எட்டியவர்களாக, வாஷிங்டன் ஏரியில் அதே ஹஸ்கி கிளிப்பரில் ஏறினார்கள்.

பந்தயப் படகில் ஓர் அழகு உண்டு, கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. துடுப்பு தண்ணீரைவிட்டு எழும்போது அது இருந்த இடத்தில் ஒரு சுழி விழும். எட்டுத் துடுப்புக்கு எட்டுச் சுழி. படகு நழுவி முன்னால் போகும், சுழிகள் பின்னால் தங்கிச் சுற்றிக்கொண்டே கரையும். வலிப்பவர்கள் பின்னோக்கி அமர்ந்திருப்பதால் அதைக் கண்ணால் காண்பார்கள். ஒரு வலிப்பின் சுழிக்கும் அடுத்ததன் சுழிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விழுகிறதோ அவ்வளவு ஓட்டம் படகுக்கு இருக்கிறது என்று அர்த்தம். இளமையில் அந்த இடைவெளி அகலமாக இருக்கும். எழுபதில் நெருங்கிவிடும். ஆனாலும் எட்டும் ஒரே நேரத்தில் விழுந்தால் ஒழுங்கு குலையாது, புள்ளிக் கோலம் சின்னதாகப் போட்டதுபோல. 1986-ல் அந்த ஏரியில் அவர்கள் கண்ணெதிரே விழுந்த சுழிகள் எவ்வளவு நெருங்கியிருந்தன என்று யாரும் அளந்திருக்க மாட்டார்கள். அதைக் காணத்தான் எனக்கு ஆசை. நேரத்தை யார் கேட்டார்கள்?

இப்போது சாக்கட்டிப் படத்துக்கு வருகிறேன். அந்த எட்டுப் பேரின் பெயரை இருக்கை வரிசையில் எழுதினால் ஒன்றில் ரோஜர் மாரிஸ், இரண்டில் சக் டே, மூன்றில் கோர்டி ஆடம், நான்கில் ஜானி ஒயிட், ஐந்தில் ஸ்டப் மக்மிலன், ஆறில் ஷார்ட்டி ஹண்ட், ஏழில் ரான்ட்ஸ், எட்டில் ஹ்யூம். கடைசியில் எல்லோரையும் பார்த்தபடி மோக்.

அணியத்தில், எல்லோருக்கும் பின்னால் இருந்தவர் மாரிஸ். மற்றவர்கள் ஒரு முதுகைத்தான் நன்றாகப் பார்த்தார்கள். மாரிஸின் கண்ணெதிரே ஏழு முதுகும் வரிசையாக இருந்தன. அவர் முதுகைப் பார்க்க அந்தப் படகில் ஆள் இல்லை.

அந்த வரிசையில் முதலில் போனவர் சக் டே, 1962-ல். மாரிஸுக்கு நேர் முன்னால் இருந்த முதுகு. ஒன்பதுக்கு ஒன்பது என்பது அத்தோடு முடிந்தது. 1986-ல் படகேறியபோது அந்த இடத்தில் டே இல்லை. பிறகு ஆடம், 1992. ஒயிட், 1997. ஹண்ட், 1999. ஹ்யூம், 2001. 2005-ல் இரண்டு பேர், ஜனவரியில் மோக், ஆகஸ்டில் மக்மிலன். 2007 செப்டம்பரில் ரான்ட்ஸ்.

அண்ணனுக்கு இதைப் படித்துக் காட்டினேன். அவர் குனிந்து, சாக்கட்டிப் படத்தில் அணியத்து ஆள் மேல் விரலை வைத்தார்.

“இவருதான் கடைசியுங்களா?”

ஆமாம் என்றேன். ரோஜர் மாரிஸ் 2009 ஜூலை வரை இருந்தார். ஹஸ்கி கிளிப்பர் இன்றும் இருக்கிறது, பல்கலைக்கழகப் படகுக் கூடத்தில் மாணவர்கள் சாப்பிடும் அறையின் விட்டத்தில் தொங்குகிறது.